தானும் எழுதிப் பார்த்தவர்

எனக்கு எழுத்து சரியா வராது. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். மறதியும் ஜாஸ்தி ஆயிடுச்சு. முன்னாடி நடந்ததைப் பின்னாடி எழுதிடுவேன். படிக்கிறவங்க கோவிச்சுக்கக் கூடாது. வாயால சொல்லலாம்தான். ஆனா நாலு பேர் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு வார்த்தை உள்ளயே நின்னுடும். வெள்ளைப் பேப்பர் நம்மளைத் திரும்பிப் பார்க்காது. அதனால எழுதறேன்.

சிதம்பரத்துல இருந்து கடலூர் போற ரோட்டுல ஒரு தனியார் யுனிவர்சிட்டி இருந்துச்சு. இப்ப வேற ஆளுங்க வேற பேர்ல நடத்தறாங்க, பழைய பேர் எதுக்கு. அங்க பி.பி.ஏ.ன்னு ஒரு படிப்பு. வியாபாரம், கம்பெனி நிர்வாகம் எல்லாம் சொல்லித் தர்ற படிப்பு. அந்த டிபார்ட்மெண்டைக் கூட்டிப் பெருக்கி, தண்ணி புடிச்சு வெச்சு, கேன்டீன்ல இருந்து டீ வாங்கியாந்து குடுக்கறது என் வேலை. சுனாமிக்கு அடுத்த வருஷம் அவர் அங்க தலைவரா வந்தார். எச்.ஓ.டி. சார்னு கூப்பிடுவோம். அவர் பேரை நாங்க யாரும் வாயால சொன்னதில்ல, இப்பவும் எழுத வரல.

ஒல்லியா இருப்பார். சட்டைப் பையில ரெண்டு பேனா, அதுல ஒண்ணு எப்பவும் கசிஞ்சு பையில நீலமா ஒரு வட்டம் இருக்கும். பேசும்போது எதிர்ல இருக்கிறவங்களைப் பார்க்காம அவுங்க கையைப் பார்ப்பார். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு.

அவர் வந்த புதுசுல ஆபீஸ்ல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. வாத்தியாருங்க வர்றதுக்கு முன்னாடி காலையில எல்லா ரூமும் பெருக்கி முடிச்சிருக்கணும், இல்லாட்டி அன்னிக்குக் கூலி கிடையாதுன்னு. அவர் அதுல கையெழுத்து போடணும். போடல. மறுநாள் காலையில நான் வர்றதுக்கு முன்னாடியே வந்து கதவைத் திறந்து வெச்சுகினு நின்னார்.

"அந்தத் தொடப்பத்தைக் குடுங்கம்மா. ஒரு தடவை நான் பெருக்கிப் பார்க்கறேன்" என்றார்.

"ஐயோ, வேணாம் சார். யாராவது பார்த்தா என்னைத்தான் சார் திட்டுவாங்க."

"யாரும் வரல. குடுங்க."

பெருக்கினார். வாசல் பக்கத்துல இருந்து உள்பக்கமா பெருக்கினார். குப்பை எல்லாம் மேஜைக்கு அடியில போய்ச் சேர்ந்துச்சு. தும்மினார். பாதி ரூம்ல இடுப்பைப் புடிச்சுகினு நாற்காலியில உட்கார்ந்துட்டார். மணியைப் பார்த்தார். அந்த உத்தரவு அப்படியே நின்னு போச்சு, எங்களுக்கு நேரம் கூடக் குடுத்தாங்க. எனக்கு சந்தோஷப்படறதா, கூச்சப்படறதான்னு தெரியல. அவர் பெருக்கினதை எல்லாம் நான் மறுபடியும் வெளியே இழுத்துப் பெருக்கினேன். அதை அவரும் உட்கார்ந்து பார்த்துகினே இருந்தார்.

அவர் குணமே அதுதான். அடுத்தவங்களுக்கு ஒண்ணைச் சொல்றதுக்கு முன்னாடி தான் அதைச் செஞ்சு பார்க்கணும். செஞ்சு பார்க்காம வாயைத் திறக்க மாட்டார். நல்ல குணம்தானேன்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் எனக்கே குழம்பிப் போச்சு. அதைத்தான் எழுதறேன்.

அவர் வீட்டம்மா ஒரு தடவை பொங்கலுக்கு டிபார்ட்மெண்டுக்கு வந்தாங்க. நான் டம்ளர் கழுவற இடத்துக்கே வந்து நின்னுகினு பேசினாங்க. "எனக்கு டாக்டர் உப்பில்லாம சாப்பிடணும்னு சொன்னார்மா. இவர் என்ன பண்ணார்? தானும் உப்பை விட்டுட்டார். எனக்கு உடம்பு தேறிச்சு, இவருக்குத் தலை சுத்தல் வந்துடுச்சு. நான் மாத்திரை போடறப்ப அதுல ஒண்ணை எடுத்து முழுங்கிப் பார்ப்பாரோன்னு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்றாங்க. சிரிச்சுகினே சொன்னாங்க. ஆனா கண்ணு சிரிக்கல.

அவர் வந்து கொஞ்ச நாள்ல அந்தப் படிப்போட சட்டத்தை எல்லாம் மாத்தப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. ஒரு பிள்ளை டிகிரி வாங்கணும்னா எத்தனை பாடம் பாஸ் பண்ணணும், எத்தனை நாள் வகுப்புக்கு வந்திருக்கணும், கம்பெனியில போய் வேலை பழகணுமா வேணாமா, இதை எல்லாம் புதுசா எழுதறதுக்கு ஒரு கமிட்டி. அவர்தான் அதுக்குத் தலைவர். சட்டம் போடற வேலையை அவர்கிட்ட குடுத்தா என்ன ஆகும்?

முதல்ல வருகைக் கணக்கு. லால்பேட்டை பக்கத்துல இருந்து வர்ற பசங்க தினமும் முதல் வகுப்புக்கு லேட்டு. பஸ் இல்ல சார்னு சொல்வாங்க. கமிட்டியில ஒரு சார், "எல்லாம் பொய்யி. ராத்திரி முழுக்க கிரிக்கெட் பார்த்துட்டு எழுந்திருக்க மாட்டானுங்க. நாள் குறைஞ்சா பரீட்சை எழுத விடக் கூடாதுன்னு எழுதுங்க" என்றார்.  அடுத்த வாரம் இவர் காட்டுமன்னார்கோயில்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, விடியக்காலையில லால்பேட்டையில போய் பஸ்ஸுக்கு நின்னிருக்கார். சிதம்பரம் வந்து பஸ் மாறி, இங்க வந்து சேர்றப்ப முதல் வகுப்பு முடியப் போற நேரம். அது அவரே எடுக்க வேண்டிய வகுப்பு. வராண்டாவுலயே நின்னார், மணி அடிக்கிற வரைக்கும் உள்ள போகல. லேட்டா வந்தா வெளிய நிக்கணும்னு அவர்தானே சொல்லியிருந்தார்.

அவரோட பஸ்ஸுல வந்த லால்பேட்டைப் பசங்களும் பக்கத்துல நின்னாங்க. அதுல ஒருத்தன், "சார், சீட்டு கிடைச்சுதா?" என்றான்.

"எங்கப்பா. படியிலதான் தொங்கிகினு வந்தேன்."

"இன்ஷா அல்லா நாளைக்குத் துண்டு போட்டு வைக்கறோம் சார்."

"நாளைக்கு நான் வரல. ஒரு நாளே போதும்" என்றார். தூரத்துல இருந்து வர்றவங்களுக்குச் சலுகைன்னு புதுச் சட்டத்துல எழுதினாங்க.

கம்பெனியில ஒரு மாசம் வேலை பழகினாத்தான் டிகிரின்னு இன்னொரு பேச்சு. அதுக்கு அவர் மே மாச லீவுல செம்மங்குப்பத்துல ஏதோ ஒரு கம்பெனியில போய் உட்கார்ந்துட்டு வந்தார். அங்க அவரை என்ன செய்யச் சொல்றதுன்னு யாருக்கும் தெரியல. கேட்டுல நின்னு லாரி வர்றதைப் போறதை எழுதச் சொல்லியிருக்காங்க. திரும்பி வந்தப்ப அவர் சட்டையில அந்தக் கம்பெனி கெமிக்கல் வாசனை வந்துச்சு. எங்க டிபார்ட்மெண்டுல ஒரு மேடம் இருந்தாங்க, கடலூர்க்காரங்க, வாய் ஜாஸ்தி. மூக்கைப் புடிச்சுகினு, "பாருங்க, அடுத்தது பொம்பளைங்களுக்குப் பிரசவ லீவு எத்தனை நாள்னு கமிட்டி போடுவாங்க. அப்ப நம்ம சார் என்ன பண்றார்னு பார்க்கலாம்" என்றாங்க. ரூம் முழுக்க சிரிப்பு. அவரும் சிரிச்சார். சிரிச்சுட்டு, "அதுக்கு உங்களைத் தலைவராப் போட்டுடலாம் மேடம்" என்றார்.

இனிமே சொல்றதுதான் முக்கியம்.

எந்தப் பாடத்தை வெச்சுக்கறது, எதை எடுக்கறதுன்னு கமிட்டி கூடினப்ப பெரிய சண்டை. ஒவ்வொரு வாத்தியாரும் தன் பாடம் இல்லாட்டி அது டிகிரியே இல்லைன்னாங்க. சட்டப் பாடம் நடத்தற சார் சட்டம்னார். மேடம் விளம்பரம்னாங்க. கணக்கு சார்னு ஒருத்தர் இருந்தார், புதுச்சேரிக்காரர், புள்ளியியல்னு ஒரு பாடம் எடுப்பார். அவர் மட்டும் பேசாம இருந்தார், தன் பாடத்தை யாரு கை வைக்கப் போறாங்கன்னு நினைச்சிருப்பார். நான் டீ குடுத்துட்டுக் கதவுகிட்ட நின்னேன்.

எச்.ஓ.டி. சார் சொன்னார்: "சரி. பசங்க எல்லாப் பாடத்தையும் பாஸ் பண்ணணும்னு சொல்றோம். நம்மள்ல ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தர் எழுதிப் பார்ப்போம். அப்புறம் ஓட்டுப் போடுவோம்."

முதல்ல விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சாங்க. சட்டத்து சார், "எனக்கு ஐம்பத்திரண்டு வயசு சார்" என்றார். "அதனால என்ன, உட்கார்ந்து எழுதறதுதானே" என்றார் இவர். மேடம் மட்டும், "நான் ரெடி. ஆனா பிட்டு வெச்சுக்கலாமா?" என்றாங்க.

சீட்டு எழுதி மடிச்சுப் போட்டாங்க. யார் எடுக்கறதுன்னு ஒருத்தரை ஒருத்தர் நம்பல. "அம்மா எடுக்கட்டும்" என்று என்னைக் கூப்பிட்டார்.  ஒவ்வொருத்தர் பேர் சொல்லச் சொல்ல ஒரு சீட்டு எடுத்துக் குடுத்தேன். அவர் பேர் வந்தப்ப நான் எடுத்தது புள்ளியியல்.

அந்தப் பாடத்தைப் பத்தி எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியும். என் பொண்ணு விமலா அதே பி.பி.ஏ.தான் படிச்சா. அங்க வேலை செய்யறவங்க பிள்ளைன்னு ஃபீஸ் குறைச்சாங்க, அதனால படிச்சா. அவுங்க அப்பா இல்ல, நானும் அவளும்தான். எல்லாப் பாடமும் பாஸ். புள்ளியியல் மட்டும் பெயில். அப்புறம் எழுதினப்பவும் பெயில். செம்மங்குப்பத்துல ஒரு கம்பெனி ஆபீஸ்ல தற்காலிகமா அவளை வேலைக்கு வெச்சிருந்தாங்க. டிகிரி சர்டிபிகேட் கொண்டாந்தா நிரந்தரம், இல்லாட்டி வேற ஆளைப் பார்த்துக்குவோம்னு மேனேஜர் சொல்லிட்டார். அந்த ஒரு பாடம் எங்க வீட்டுக் கதவுல தொங்கற பூட்டு மாதிரி தொங்குச்சு. இதை நான் சார்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லணும்னு டீயோட போவேன். டம்ளரை வெச்சுட்டு வந்துடுவேன்.

வாத்தியாருங்க பரீட்சை எழுதினதை நான் பார்த்தேன். செல்போனை எல்லாம் ஒரு தட்டுல வாங்கி வெச்சார். மூணு மணி நேரம். பேனா கடிக்கிறவங்க கடிச்சாங்க. மேடம் ஜன்னல் வழியா காக்காயைப் பார்த்துகினு இருந்தாங்க. சட்டத்து சார் பக்கத்து சார் பேப்பரை எட்டிப் பார்த்தார். எச்.ஓ.டி. சார் தலையைத் தூக்காமலே, "மாத்தி உட்காருங்க சார்" என்றார். நான் டீக் கேனோட உள்ள போனேன்.

"பசங்களுக்கு ஹால்ல டீ குடுக்கறோமாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப எங்களுக்கும் வேணாம்."

டீ ஆறிப் போச்சு. வாசல்ல நின்னு நானே ஒரு டம்ளர் குடிச்சேன்.

மேடம் பாஸ். சட்டத்து சார் தத்தளிச்சுப் பாஸ். எச்.ஓ.டி. சார் பெயில். திருத்தினது கணக்கு சார்தான், அரை மார்க் கூடச் சும்மா போடல. எச்.ஓ.டி. சார் தன் மார்க்கைப் பசங்க மார்க் ஒட்டற போர்டுலயே ஒட்டிட்டார். கும்பல் கும்பலா வந்து பார்த்தாங்க. யாரோ ஒருத்தன் "வாழ்க எச்.ஓ.டி." என்று கத்தினான்.

அடுத்த கூட்டத்துல அவர் சொன்னார்: "ராத்திரி பகலா உட்கார்ந்து படிச்சேன். எனக்கே வரல. லால்பேட்டையில இருந்து படியில தொங்கிகினு வர்ற பிள்ளைக்கு இது கட்டாயம்னு நான் எப்படிச் சொல்றது?"

கணக்கு சார் முகம் சிவந்து போச்சு. "சார், உங்களுக்கு நீச்சல் வரல. அதுக்கு ஆத்தைத் தூர்த்துடுவீங்களா?" என்றார்.

ஓட்டுப் போட்டாங்க. பாடத்தை எடுத்துட்டாங்க.

நான் அன்னிக்கு பஸ்ஸுல எப்படி வந்தேன்னு தெரியல. ஸ்டாண்டுல இறங்கி ஜிலேபி வாங்கினேன். வீட்டுக்குள்ள நுழையறப்பவே, "ஏன்டீ விமலா, அந்தப் பாடத்தையே எடுத்துட்டாங்கடீ!" என்றேன். அவ என் கையைப் புடிச்சுச் சுத்தினா. எனக்குத் தலை கிறுகிறுத்துச்சு. என் கையால எடுத்த சீட்டுதானேன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை.

மறுநாள் அவ பரீட்சை ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கா. அங்க இருந்த கிளார்க், "உனக்கு இல்லம்மா. இனிமே சேர்றவங்களுக்குத்தான். நீ சேர்ந்தப்ப என்ன சட்டமோ அதைத்தான் நீ முடிக்கணும்" என்றாராம். அது மட்டும் இல்ல. பழைய பிள்ளைங்களுக்கு இன்னும் கொஞ்ச தடவைதான் அந்தப் பரீட்சை வைப்பாங்க. அப்புறம் கிடையாது.

சாயங்காலம் வந்து என்கிட்ட கேட்டா: "இல்லாத பாடத்துல எப்படிம்மா பாஸ் ஆகறது?"

  முன்னாடியாவது கீழ் வகுப்புப் பிள்ளைங்களோட போய் உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கேட்பா. இப்ப வகுப்பே இல்ல. கணக்கு சாருக்கு நடத்தப் பாடம் இல்லாததால அவர் வேலையை விட்டுட்டுப் புதுச்சேரியில வேற காலேஜுக்குப் போயிட்டார். சார் யாருக்கோ நல்லது பண்ணத்தான் போனார். அந்த நல்லது என் பொண்ணு வாசலுக்கு வந்து வேறயா ஆயிடுச்சு. அவ திரும்ப எழுதினா, திரும்பப் பெயில். ஹாலுக்குள்ள போனாலே கை வேர்த்துப் பேனா வழுக்குதுன்னா. ராத்திரி தூக்கத்துல நம்பர் சொல்வா. கடைசியில ஒரே ஒரு தடவைதான் மிச்சம்னு ஆச்சு.

விமலா என்னை மாதிரி இல்ல. ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுட்டு நேரா அவர் ரூமுக்கே வந்துட்டா. நான் அப்பதான் டீ வெச்சுகினு இருந்தேன். கையைக் காட்டி, போடீ போடீன்னேன். அவ பார்க்கல.

"சார், நான் இந்த அம்மா பொண்ணு. நீங்க பெயிலானதுக்குப் பாடத்தை எடுத்துட்டீங்க. நான் பெயிலானதுக்கு என்ன எடுப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அன்னிக்குத்தான் என் கையைப் பார்க்காம மூஞ்சியைப் பார்த்தார். "ஏம்மா, இத்தனை வருஷமா நீங்க சொல்லவே இல்லியே" என்றார். நான் புடவைத் தலைப்பால வாயை மூடிக்கினேன்.

அவளை உட்காரச் சொல்லி எல்லாத்தையும் கேட்டார். டீ மேல ஆடை படிஞ்சுடுச்சு. பழைய பிள்ளைங்களுக்கும் அந்தப் பாடத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி மேல கேட்டார். முடியாதுன்னு சொல்லிட்டாங்க, சட்டம் சட்டம்தான்னு. அதை அவரே எங்ககிட்ட வந்து சொன்னார்.

"கடைசி தடவை எப்பம்மா?"

"ஏப்ரல்ல சார்."

"அப்ப நானும் எழுதறேன்."

விமலா கேட்டா: "நீங்க எழுதினா எனக்கு மார்க் வருமா சார்?"

"வராது" என்றார்.

எனக்கு இவர் என்ன மனுஷன்னு கோவம் வந்துச்சு. என் பிள்ளை வேலை போகப் போகுது, இவர் விளையாடறார்னு.

ஆனா அவர் கணக்கு சாருக்குப் போன் போட்டார். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க மூணு பேரும் புதுச்சேரி பஸ்ஸுல போவோம். வயசுப் பொண்ணைத் தனியா அனுப்பறதான்னு நானும் கூடப் போவேன், அன்னிக்கெல்லாம் மாதா கோயில் பூசைக்கும் போக முடியல. கணக்கு சார் வீட்டுக் கூடத்துல அவுங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல பாய்ல உட்காருவாங்க, நான் சுவத்தோரமா. கணக்கு சார் தன் பாடத்தை எடுத்ததை மறக்கல. அவருக்கு நல்ல வேட்டை.

"என்னா சார், போன வாரம் போட்ட கணக்கு. இது கூட வரலியா?"

"வரல சார்."

"விமலா, நீ சொல்லு இவருக்கு."

விமலா சொல்வா. எச்.ஓ.டி. சார் குனிஞ்சு எழுதிக்குவார். திரும்பத் தப்பாப் போடுவார். கணக்கு சார் தலையில அடிச்சுக்குவார். "உங்களை யாரு சார் புரொபசர் ஆக்கினது?" என்பார். விமலா பாயைப் பார்த்துகினு சிரிப்பா. அந்தப் பாடத்தை வெச்சுகினு அவ சிரிச்சு நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. போகப் போக அவ கை வேர்க்கறது நின்னு போச்சு. ஏன்னு எனக்குத் தெரியாது. தன்னை விட மக்கா ஒருத்தர், அதுவும் அவ்ளோ பெரிய ஆளு, பக்கத்துல உட்கார்ந்து திட்டு வாங்கறதைப் பார்த்ததாலயா? அவர் வேணும்னே தப்பாப் போட்டாரான்னு ஒரு தடவை பஸ்ஸுல அவகிட்ட கேட்டேன். "இல்லம்மா. நிஜமாவே வரல அவருக்கு" என்றா.

ஏப்ரல்ல பரீட்சை. பெரிய ஹால்ல விமலாவும் இன்னும் ரெண்டு மூணு பழைய பிள்ளைங்களும்தான். எச்.ஓ.டி. சார் பேனா எடுத்துகினு வந்தார். வாசல்ல நின்ன சின்ன வாத்தியார், அவர்கிட்ட வேலை பார்க்கறவர்தான், கையைப் பிசைஞ்சார். "சார், ஹால் டிக்கெட் இல்லாம உள்ள வரக் கூடாது சார். நீங்களே போட்ட ரூல் சார்."

"ஆமா, ஆமா" என்று இவர் பின்னாடி நகர்ந்தார்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல வேப்பமரத்தடியில சிமெண்டு பெஞ்சு ஒண்ணு. அதுல போய் உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் கேள்வித்தாள் வெளிய வரக் கூடாதாம். அது வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தார். வந்ததும் எழுத ஆரம்பிச்சார். வெயில் மரத்தைச் சுத்திகினு வந்து அவர் முதுகுல விழுந்துச்சு. நகரல. நான் ஹால் ஜன்னலையும் அவரையும் மாத்தி மாத்திப் பார்த்துகினு டிபார்ட்மெண்டு படியில உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ணேன். யாருக்குப் பண்ணேன்னு சரியாச் சொல்லத் தெரியல. மணி அடிச்சதும் பேனாவை மூடினார். உங்களுக்கு அரை மணி லேட்டாத்தானே கேள்வி வந்துச்சு, இன்னும் கொஞ்ச நேரம் எழுதுங்க சார்னு வாட்ச்மேன் சொன்னார். வேணாம்னுட்டார்.

அவர் பேப்பரைப் புதுச்சேரிக்கே அனுப்பித் திருத்தச் சொன்னார். ரெண்டு ரிசல்ட்டும் ஒரே வாரத்துல வந்துச்சு. நான் தண்ணி புடிச்சுகினு இருந்தேன். குழாயடிக்கே வந்துட்டார்.

"அம்மா, உங்க பொண்ணு பாஸ்."

குடம் நிறைஞ்சு வழிஞ்சுது. நான் குழாயை மூடல. அவர்தான் மூடினார். "நீங்க சார்?" என்று கேட்டேன். நானா ஒண்ணு அவரைக் கேட்டது அது ஒரு தடவைதான்.

"நான் பெயில்மா. போன தடவையை விடக் கம்மி" என்றார். அதையும் போர்டுல ஒட்டினார்.

விமலாவுக்கு வேலை நிரந்தரம் ஆச்சு. இன்னிக்கும் நாங்க சாப்பிடறது அதுலதான். இதோட முடிஞ்சிருந்தா நான் இவ்ளோ குழம்பிப் போயிருக்க மாட்டேன்.

அந்த வருஷ மழைக்காலத்துல அவர் திரும்பவும் கமிட்டியைக் கூட்டினார். புள்ளியியலைத் திரும்பக் கட்டாயமா வைக்கணும்னார். நான் கதவுகிட்டதான் நின்னேன், என் காதால கேட்டேன்.

மேடம் கேட்டாங்க: "சார், பெயிலானீங்க, எடுத்தீங்க. திரும்பவும் பெயிலாயிட்டு இப்ப வைக்கணும்ன்றீங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

அவர் மேஜை மேல இருந்த மேடம் கையைப் பார்த்துகினே சொன்னார்: "அப்ப எனக்கு வரல, அதனால வேணாம்னேன் மேடம். இப்பவும் எனக்கு வரல. ஆனா வேணும். எனக்கு வராதது அந்தப் பொண்ணுக்கு வந்துச்சே."

"அப்ப அந்தப் பொண்ணு பட்ட பாட்டை மத்தப் பிள்ளைங்களும் படணுமா?"

 அவர், "வகுப்புல நானும் உட்கார்றேன்" என்றார். யாரும் சிரிக்கல. ஓட்டெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சாங்க.

அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி 'தானே'ன்னு பேர் வெச்ச அந்தப் புயல் வந்துடுச்சு. டிபார்ட்மெண்டு மேல போட்டிருந்த ஷீட்டு எல்லாம் பறந்து, பெஞ்சு மேல வேப்பமரம் சாஞ்சு கிடந்துச்சு. எங்க வீட்டுக் கூரையும் போச்சு. முழங்கால் வலி வேற. போதும்மா, நான் சம்பாதிக்கறேன்ல, வீட்டுல இருன்னு விமலா சொல்லிட்டா. நான் அப்புறம் அங்க போகல. அவர் அங்கயே இருந்தாரா, ரிட்டயர் ஆனாரா, யார்கிட்ட கேட்கறதுன்னு கூச்சம். பஸ்ஸுல ஒரு தடவை யாரோ ரெண்டு பிள்ளைங்க, கடைசி பெஞ்சுல ஒரு வயசான சார் உட்கார்ந்து கணக்கு போடறார்னு பேசிக்கினாங்க. எந்தக் காலேஜுன்னு கேட்க வாயெடுத்தேன், அவுங்க இறங்கிட்டாங்க.

அவர் என் பொண்ணுக்குக் கஷ்டம் குடுத்தவரா, கரை சேர்த்தவரா? விமலாவைக் கேட்டா, "ரெண்டும்தாம்மா" என்றா. எனக்கு அது போதல.

நான் எழுதினதுல முன்ன பின்ன இருக்கும். விளம்பரப் பாடம் நடத்தினது மேடமா வேற ஆளான்னு இப்ப சந்தேகமா இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க யாராவது இருந்தா விசாரிச்சு இதைச் சரி பண்ணுங்க. அந்தப் பாடம் இப்ப இருக்கா, எடுத்ததோட சரியான்னு கேளுங்க. அப்படியே, அவர் கடைசியில பாஸ் ஆனாரான்னும் கேட்டுச் சொல்லுங்க.